அக்தரி பேகத்தின் இடது கன்னம்

ஆவாரம்பட்டையைத் தன் வாயில் வைக்கச் சொல்லிக் கடித்துப் பார்க்கிறார் அக்தரி பேகம். துவர்ப்பு போதவில்லையென்றால் தலையைத் திருப்பித் துப்புகிறார். "இத்தப் போட்டா தோலு அழுகிப்பூடும். எடுத்துக்கினு போ!"

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பட்டை வாங்கிக் கொடுக்கும் தரகு அவருடையது. சில வருடங்களுக்கு முன் பட்டை மூட்டைகள் சரிந்து கழுத்தில் விழுந்தன. அன்றிலிருந்து கட்டில்தான். தலை மட்டுமே அவர் சொன்னபடி கேட்கிறது. மூச்சும் குறைந்துவிட்டதால், அவரிடம் திட்டு வாங்குகிறவர்கள் குனிந்து நின்றுதான் வாங்க வேண்டும்.

தம்பி மக்பூல் அகமது பேட்டரி மணி ஒன்று வாங்கி, அதன் சுவிட்சை அக்காவின் வலது விரல்களுக்கடியில் கட்டிவிட்டார். அந்த விரல்கள் தாமாகவே வெட்டி இழுக்கும். கூப்பிடாதபோது மணி அடிக்கும். கூப்பிட நினைத்தால் மரக்கட்டைபோல் கிடக்கும். "அது சும்மா அடிக்குது" என்று வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போயிற்று.

போன வெள்ளிக்கிழமை ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் பின்கட்டில் இருந்தார்கள். தலையணையில் சிந்திய பாலுக்கு வந்த செவ்வெறும்பு முகத்தில் ஏறியது. எப்படியோ விரல் இழுத்து மணி அடித்தது. ஒருவரும் வரவில்லை.

மறுநாள் பட்டை விஷயமாக நான் பார்க்கப் போனபோது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. எலக்ட்ரீஷியன் சம்பத்தை அக்தரி பேகமே வரவழைத்திருந்தார்.

"கையிலதானே சுவிட்ச் வைப்பாங்க, ஆபா? விரல் அசையுதே" என்று அக்காவைக் கேட்டார் மக்பூல்.

"அசையறது வேற, நான் அசைக்கிறது வேற! அஞ்சு வருசமா ஒருத்தன் என்னைக் கேட்டீங்களா? நீங்களே வச்சீங்க, நீங்களே பேஜார்னீங்க."

சம்பத் சுவிட்சைத் தலையணையின் வலப்பக்கம் வைத்துப் பார்த்தான்.

"அந்தப் பக்கம் திரும்பினா கழுத்து வலிக்கும். இடது கன்னத்துக்கிட்ட வைப்பா. இன்னும் கீழ. ஹாங், அங்க."

மக்பூல் முகம் சுளித்தார். "மூஞ்சிகிட்ட ஒயரா? வர்றவங்க பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

"எறும்பு தின்னப்ப எவன் வந்தான், இப்ப வந்து பாக்கறதுக்கு?"

சம்பத் சுவிட்சின்மேல் அகலமான தோல் துண்டொன்றைத் தைத்துக் கட்டி முடித்தான். அக்தரி பேகம் கன்னத்தைச் சாய்த்தார். கூடத்தில் மணி அலறியது.

"இங்கதானே நிக்கிறேன் ஆபா. போதும், எடு."

அவர் எடுக்கவில்லை. திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் தம்பியையே முறைத்தபடி, இன்னும் அழுத்தினார்.