டேப்பும் என் மறதியும்

என் அம்மாவுக்கு மறதி நோய் வந்ததை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு வாரப் பத்திரிகைதான். ஒரே பக்கத்தைக் காலையிலும் படிப்பாள், மத்தியானமும் படிப்பாள். சாயங்காலம் "இது புதுசா வந்திருக்கு" என்று எனக்கே வாசித்துக் காட்டுவாள். நாங்கள் சிரித்தோம். சில வருஷத்தில் என்னைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அதனால்தான், நானும் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் என்று தெரிந்த அன்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகன் துபாயிலிருந்து ஒரு டேப் வாங்கி வந்தான். ஆபீஸுக்கும் அடுப்படிக்குமாக ஓடிய அம்மா இனியாவது உட்கார்ந்து நாவல் படிக்கட்டும் என்று அவனுக்கு ஆசை. பெரிய திரை, எழுத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கலாம், போதாததற்கு வீடியோ காலில் அவன் முகமும் அதிலேயே தெரியும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

விழுந்த பழத்தை எடுத்துத் தின்னத்தான் முடியவில்லை. ஒரு பாரா படித்திருப்பேன், குடும்பக் குரூப்பிலிருந்து ஒரு செய்தி மேலே எட்டிப் பார்க்கும். கீழப்பாவூர் நாத்தனார் நரசிம்மருக்கு அலங்காரம் செய்த படம் போட்டிருப்பாள். கும்பிடாமல் இருக்க முடியுமா? கும்பிட்டுவிட்டு, கீழே அவள் பக்கத்து வீட்டுக்காரி போட்ட மாங்காய் ஊறுகாயையும் பார்த்துவிட்டுத் திரும்பினால், கதையில் பேசிக்கொண்டிருப்பவன் யார் என்றே தெரியாது. மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பேன். இப்படி ஒரு பக்கத்தையே நாள் முழுக்கப் படித்த நாட்கள் உண்டு. நாவலில் கல்யாணம் ஆனது யாருக்கு என்பதைக்கூட மறந்துபோனேன்.

என் வீட்டுக்காரர் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் மறதியைப் பற்றி மூச்சு விடவில்லை. டேப் சரியில்லை, கண் கூசுகிறது என்று மட்டும் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். பிள்ள எவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்துருக்கான்!" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கூடம் கோணல் இல்லையென்றால் கோணல் என் மண்டையில்தானே? அன்றிலிருந்து அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று ஒவ்வொன்றுக்கும் என்னையே சந்தேகப்பட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தக் கதைதான்.

அந்த நேரத்தில் சாரல் தொடங்கியது. மேலகரத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால், சீசனில் வீடு நம்முடையது இல்லை. யாரும் கேட்டுக்கொண்டு வருவதில்லை, துண்டோடு வந்து இறங்குவார்கள். கீழப்பாவூர் நாத்தனாரின் மகள், எனக்கு மருமகள் முறை, அவளும் சென்னையிலிருந்து இரண்டு சிநேகிதிகளோடு வந்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனாள்.

இழுத்துக்கொண்டு போனது குளிக்க இல்லை. உள்ளூர்க்காரர்கள் பை காக்கத்தான் போவோம். மாற்றுத்துணி, செல்போன், நகை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு யாராவது ஒருத்தர் குரங்குகளை விரட்டியபடி உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது நான்தான்.

மருமகள் தன் பையிலிருந்து சிலேட்டு மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினாள். "அத்தை, பொழுது போகலன்னா இதுல படிங்க. இ-ரீடர்."

"டேப்பா?"

"இல்ல அத்தை. இதுல படம் பாக்க முடியாது, மெசேஜ் வராது. படிக்க மட்டுந்தான்."

"இதுக்குப் போயா துட்டக் குடுத்த?" என்றேன். சிரித்துக்கொண்டே பெண்கள் வரிசைக்கு ஓடிவிட்டாள்.

திரையில் வண்ணமும் இல்லை, பளபளப்பும் இல்லை. டேப்பை வெளியே எடுத்தால் வானமும் என் முகமும்தான் தெரியும். இதில் எழுத்து காகிதத்தில் அச்சடித்தது போல அடக்கமாக நின்றது. உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. புருஷனை விட்டுவிட்டு வந்தவள், தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாக வீடு பார்க்கிறாள். அவள் வாய்த்துடுக்கு எனக்குப் பிடித்துவிட்டது. பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே போனேன்.

"அத்தை! சிப்ஸ் எங்க?"

நிமிர்ந்தால் மருமகள் தலையில் தண்ணீர் சொட்ட நிற்கிறாள். வரும் வழியில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைக் காணோம். பைகளையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தேன். வாங்கினோமா? வாங்கி, கடையிலேயே விட்டுவிட்டேனா? அம்மாவும் இப்படித்தான் விழித்துக்கொண்டு நிற்பாள்.

"அங்கன பாருங்க அத்தை!" என்று அவள் சுவரைக் காட்டினாள். ஒரு குரங்கு எங்கள் பொட்டலத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, விருந்துக்கு வந்த சம்பந்தி போல நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனதுகூட எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு ஆழ்ந்து படித்திருக்கிறேன்! வேனில் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டு கதையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பெண், அவள் தம்பி, அவளுக்கு வாடகைக்கு வீடு கொடுத்த கிழவர் என்று எல்லோரும் வரிசையாக வந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சாரலில் நனைந்த முகம், யாரும் கவனிக்கவில்லை.

ஆனாலும் என் மண்டையில் கோணல் இல்லை என்று உடனே நம்பிவிட முடியவில்லை. மருமகளிடம் சொல்லி, டேப்பில் சத்தத்தையும் மேலே எட்டிப் பார்க்கும் செய்திகளையும் நிறுத்த வைத்தேன். செய்தி வருவது நின்றது, என் விரல் நிற்கவில்லை. யாராவது ஏதாவது போட்டிருப்பார்களோ என்று அதுவாகவே போய்த் தட்டியது. அப்போதுதான் புரிந்தது. என் கையில் கொடுத்தது ஒரு சந்தை. சந்தையில் உட்கார்ந்து பாராயணம் செய்ய எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மருமகள் அந்தக் கருவியை என்னிடமே விட்டுப் போனாள். டேப்பை மகனின் முகம் பார்க்க வைத்துக்கொண்டேன், படிக்க இது. அந்த வாரம் முழுக்க உப்பளத்திலேயே குடியிருந்தேன். தினமும் காப்பி குடிக்கும்போது வீட்டுக்காரர், "கத எங்கன வரைக்கும் வந்துருக்கு?" என்று கேட்பார். வாரப் பத்திரிகை ஜோக்கைக்கூட முழுதாகப் படிக்காத மனிதர் கதை கேட்கிறாரே என்று நானும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நாவலை முடித்த மறுநாள் காலை, காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு ஒரு அண்ணன் உண்டுல்லா? பட்டாளத்துல இருந்தவன்?"

"அண்ணனா? அவளுக்கு ஏது அண்ணன்? ஒரே தம்பி, லாரி ஓட்டுதான். அன்னைக்கே சொன்னேன்லா, மறந்துட்டியளா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ஸ்டேஷனில் இப்படித்தான் பொய்யை நடுவில் நுழைத்துக் கேட்பார் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"திருநெல்வேலியில ஒரு டாக்டர்ட்ட உனக்கு நாள் வாங்கி வச்சிருக்கேன்," என்றார். "வேண்டாம்னு சொல்லிரட்டா?"

"எனக்கு எதுக்கு டாக்டரு?"

"உங்கம்ம மாதிரியே ஒரே பக்கத்த வச்சிக்கிட்டு உக்காந்துருந்தியே, ஏட்டி. நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

நான் ஒளித்து வைத்ததாக நினைத்த பயத்தை அவரும் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தார். கூடம் கோணல் என்று கேலி பேசிய மனிதர், என்னைப் பார்க்காமல் செல்போனை எடுத்து அந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போட்டார்.

"நாளைக்கு வரல சார்," என்றார். அந்தப் பக்கம் காரணம் கேட்டிருப்பார்கள் போலும். "வீட்டுக்காரிக்கு ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்கா. ஒண்ணுமே இல்ல."

அந்தப் பக்கம் வைத்த பிறகும் செல்போனைக் காதில் வைத்தபடி சொல்லிக்கொண்டிருந்தார், "ஒண்ணுமே இல்ல சார்."