முருங்கைக்குக் கீழே நின்ற பிக்கப்

எங்கள் ஆட்களில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. கிணறு, முருங்கை மரம், முற்றம், முற்றத்தில் கட்டிய கொடி எல்லாமே அவளுக்கென்று எழுதியவை. நானும் அப்படித்தான் புத்தளத்தில் ஒரு கேற்றுக்கு முன்னால் ஒரு பையோடு போய் நின்றேன். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது நான் தூக்கிக்கொண்டு வந்த பை அது. முகாமில் என் தலைமாட்டில் கிடந்து, கலியாணத்துக்கும் என்னோடு வந்தது. உள்ளே போனதும் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். அலுமாரியில் எந்தத் தட்டு எனக்கு என்று கேட்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் வருடக் கணக்கில் நீண்டது. உடுக்கச் சாரம் வேண்டுமென்றால் குனிந்து கட்டிலுக்குக் கீழே கையை விட்டுத் துழாவுவேன். "அலுமாரில வைங்களேன், உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று மனைவி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். எந்தத் தட்டில் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் என்னைக் குறைவாக நடத்தினார்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். சோறும் தந்தார்கள், மரியாதையும் தந்தார்கள். ஆனாலும் அந்த வளவுக்குள் 'இது என்னுடையது' என்று விரல் நீட்டிக் காட்ட எனக்கு ஒரு சாமான் இல்லை. டவுனில் நான் நடத்திய புடவைக்கடைகூட வாடகைக் கட்டடம். இந்தக் குறையைத் தீர்க்க புத்தியுள்ளவன் ஒரு கதிரை வாங்கியிருப்பான். நான் ஒரு பிக்கப் வாங்கினேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. உப்பளத்துப் பக்கம் ஒரு மையத்து வீட்டில் துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அதைக் கண்டேன். உப்பு மூட்டை ஏற்றி ஏற்றி உழைத்துக் களைத்த ஒரு பழங்காலப் பிக்கப், சில்லில் காற்றில்லாமல் மண்ணில் புதைந்து நின்றது. வட்டமான இரண்டு விளக்கு, நடுவில் தொங்கிப்போன ஒரு வாய். பெருநாள் காசு கிடைக்காத பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. பார்த்த கணத்திலேயே எனக்கு அறிவு கழன்றுவிட்டது. சொந்தக்காரர் விற்கச் சம்மதித்த வேகத்திலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனிதர் ட்ரக்டரையும் தானே பிடித்து, கயிற்றையும் தானே கட்டி, நான் மனம் மாறுவதற்குள் வீடுவரை இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"இத எங்க வெக்கப் போறீங்க?"

முற்றம் அவளுடையது.

"முருங்கைக்குக் கீழ வைங்க. கொடில உடுப்புக் காயுது, அதுல படாம வைங்க," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பயங்கரமானது என்பது எனக்குத்தான் தெரியும்.

முதல் வேலையாக, இரும்பில் ஊறிய உப்பைப் போக்கக் கழுவத் தொடங்கினேன். கடையைச் சாத்திவிட்டு வந்து, சாரத்தை மடித்துக் கட்டி, கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினேன். மாதக் கணக்கில் ஊற்றினேன். கறள், அந்தத் துரு, குறைவதற்குப் பதிலாகப் பூத்துக்கொண்டே போனது. உப்பு அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று நினைத்து இன்னும் கூடுதலாக ஊற்றினேன். ஒருநாள் மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏன், நாங்க குடிக்கத் தண்ணி காசுக்கு வாங்குற எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஏன்?"

"கிணத்துத் தண்ணி வாயில வெக்கேலாத உப்பு. அதால தானே வாங்குற."

வாளி கையில் இருந்தபடியே நின்றேன். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் ஊற்றிய மனிதனைப் புத்தளம் அதற்கு முன் கண்டிருக்காது. எங்களுக்கு இந்தத் தண்ணீர் அவ்வளவு பழகிவிட்டது; அதில்தான் குளிக்கிறோம், அதில்தான் உடுப்புத் தோய்க்கிறோம், அதில் உப்பு இருப்பது நாக்குக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது. அன்று அவள் சிரித்த சிரிப்பு மதிலுக்கு வெளியே போனது.

பிறகு சாமான் தேடும் படலம். வாகனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு நாலு சில்லு என்பதுதான். சிலாபத்தில் பழைய பாகங்கள் விற்கும் கடை ஒன்று உண்டென்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். கடைக்காரர், "மொகத வாகனே?" என்று சிங்களத்தில் கேட்டார். என்ன வாகனம் என்கிறார். நான் பெருமையாக, "நில் பாட்ட," என்றேன். நீல நிறமாம். புடவைக்கடைக்காரனுக்கு ஒரு சாமானைப் பற்றி முதலில் நினைவுக்கு வருவது நிறம்தானே. அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லிப் பிளேன்ரீ வாங்கித் தந்தார். அனுதாபத்தில் தந்த தேத்தண்ணி. எஞ்சினுக்கு ஒரு மூடி கொண்டு வந்தேன். திருத்து வேலைக்கு நான் பிடித்திருந்த மெக்கானிக், கராஜ் பாஸ், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல சாமான் முதலாளி. ஆனா இது தண்ணி மோட்டர்ட மூடி," என்றார்.

வீட்டில் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை கற்பிட்டிப் பக்கம், கடல் தொழில். வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, நானும் மனைவியும் பின்பக்கம் கட்டிய அறைக்குப் போக வேண்டும். அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவி பிக்கப்புக்குரிய தீர்ப்பைச் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. கலியாணத்துக்கு முதல் அது தன்ட காலால நடக்கோணும். இல்லாட்டி பழைய இரும்புக்காரன் வந்து ஏத்திக்கிட்டுப் போவான். நாளைக்கு இது மகள்ட முத்தம். மாப்பிள்ள வீட்டாக்கள் வந்து பாத்தா என்ன நெனப்பாங்க?"

நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிடரியில் ஏறிய கோபத்தைச் சோற்றில் காட்டி, மீன் முள்ளைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொண்டேன்.

ஆகப் பெரிய குறை பொனட். எஞ்சினை மூடும் அந்தத் தகடு என் வண்டியில் வலை மாதிரி ஓட்டையாகிக் கிடந்தது. எலுவன்குளத்தில் ஒரு விவசாயியிடம் பொனட் ஒன்று இருப்பதாகப் பாஸ் சொன்னார். அளவு நாடாவால் என் வண்டியை அளந்துகொண்டு போனேன். விவசாயி வயல் காவல் குடிலில் இருந்தார். பொனட் குடிலின் பக்கத்தில் மரத்தில் தொங்கியது. காட்டிலிருந்து யானை வந்தால் அதில் உலக்கையால் அடிப்பாராம்.

"இத நான் தரமாட்டன் நானா. இந்தச் சத்தத்துக்குத்தான் அவர் திரும்பிப் போறாரு." என்னை அண்ணன் முறையில் நானா என்றார், யானையை அவர், இவர் என்றார்.

மறுமுறை போகும்போது பதிலுக்கு ஒரு எண்ணெய்ப் பீப்பா கொண்டு போனேன். அடித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது கலியாண வீட்டுச் சத்தம். யானை வந்து சோறு கேக்கும்."

கடைசியில் என் வண்டியின் ஓட்டைப் பொனட்டையே கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரே அடி. தகரமும் கறளுமாகக் கிழிந்துகொண்டு வந்த அந்த ஓலத்தில் எனக்கே ஓடவேண்டும் போல் இருந்தது. மனிதருக்கு முகமெல்லாம் பல். "மாஷா அல்லாஹ்! இதுதான் வேணும்," என்றார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல வியாபாரம் அதுதான் என்று நினைத்து, அவருடைய பொனட்டை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பாஸ் அதை வண்டியில் வைத்தார். ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அண்ணனின் தொப்பியைப் போட்ட தம்பி மாதிரி.

"அளந்தீங்க தானே முதலாளி?"

அளந்தேன்தான். ஆனால் புடவைக்கடைக்காரன் துணி அளந்தால் கை தானாக நாலு விரல் கூட விடும். தையலுக்குப் பிடிக்க, தோய்த்தால் சுருங்க. அந்த நாலு விரலையும் சேர்த்துத்தான் எழுதி வைத்திருந்தேன். அந்த அளவு விவசாயியின் பொனட்டுக்கு அச்சொட்டாகப் பொருந்தியதில் மகிழ்ந்து வேறு வந்திருக்கிறேன். இரும்பு சுருங்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். இருமலில்லை, சிரிப்பு.

கலியாண நாள் வந்தது. பிக்கப் நகரவில்லை. கடையிலிருந்து வெள்ளைத் துணி ஒரு கட்டு கொண்டு வந்து அதை முழுவதும் மூடினேன். அவ்வளவு நேர்த்தியாக மூடியதில், மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் வந்து, மணமேடை என்று நினைத்து, பெண்ணும் மாப்பிள்ளையும் எப்போது இதில் ஏறி உட்காருவார்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள்.

"அது அடுத்த வீட்டாக்கள்ட பிக்கப். வெக்க இடமில்லாம இஞ்ச விட்டிரிக்காங்க."

நான் பல்லைக் காட்டித் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? மகளின் கலியாணப் பந்தலில் நின்று தகரத்துக்காக வழக்காட முடியுமா? ஆனால் எனக்கென்று இருந்த ஒரே சாமானையும் தலையை ஆட்டியே அடுத்த வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைய பிரியாணி எனக்கு வைக்கோல்.

அடுத்த கிழமை பழைய இரும்புக்காரன் சங்கிலியோடு வந்தான். நானும் மனைவியும் அதற்குள் பின் அறைக்கு மாறியிருந்தோம். என் பை புதிய கட்டிலுக்குக் கீழே போயிருந்தது. அவன் லொறியைப் பின்னால் எடுத்து, பிக்கப்பின் முன்பக்கம் சங்கிலியைக் கொழுவினான். மனைவி கொடியில் உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் நின்றாள். நான் ஒரு வேலையுமில்லாமல் ஒரு சில்லைத் தடவிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அந்த வயதில், ஒரு தகரக் கூட்டுக்காக. எனக்கே அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் கேற்றுக்கு வெளியே ஒரு ஓட்டோ வந்து நின்றது. மருமகன் இறங்கினார். கற்பிட்டிக்குப் போய்த் தன் சாமான்களை எடுத்து வந்திருக்கிறார். ஒரு பை. அதோடு சாக்கில் சுற்றிய ஒரு படகு எஞ்சின், பாதி கழன்றது, எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது. இரண்டையும் இறக்கிவிட்டு உள்ளே வராமல் கேற்றடியிலேயே நின்றார். முற்றத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். அதே கேற்றடியில் அதே மாதிரி நான் நின்றிருக்கிறேன்.

"மாமா, இது வேல செய்யாது. திருத்தலாம் எண்டு வெச்சிரிக்கன்." வடிந்த எண்ணெயைக் காலால் மண் போட்டு மூடினார். "இத எங்க வெக்கிற?"

நான் சில்லிலிருந்து கையை எடுத்தேன். அவர் பிக்கப்பைக் காட்டினார்.

"அந்தப் பிக்கப்புக்குள்ள வெக்கலாமா? அடுத்த வீட்டாக்கள்ட எண்டாங்க. அவங்ககிட்டக் கேட்டா விடுவாங்களா?"

மனைவி கொடியடியில் திரும்பினாள். இரும்புக்காரன் சங்கிலியைப் பிடித்தபடி பார்த்தான்.

"என்ட," என்றேன். சத்தம் காணாது என்று தோன்றியது. இன்னொரு தரம் சொன்னேன். "அது என்ட பிக்கப்."

"அப்ப நீங்க ஓம் எண்டாத்தான் வெப்பன் மாமா."

அந்த வளவில் ஒருவர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. ஓம் என்று உடனே சொல்லிவிட மனமில்லை. கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றேன், வளவுக்காரன் மாதிரி. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த ஈரச் சாரத்தை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, இரும்புக்காரனிடம் சொன்னாள்:

"சங்கிலியக் கழட்டுங்க. புது மாப்பிள்ளைட சாமான் ஏறப்போகுது. இனி அதுல கை வெக்கேலா."

இரும்புக்காரன் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். நானும் மருமகனும் எஞ்சினை ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். மருமகன் பின்கதவில் ஒரு காலை வைத்து, எப்படி வைப்பது என்று என் முகத்தைப் பார்த்தார்.

"வைங்க மகன்," என்றேன். "கொடில உடுப்புக் காயுது, அதுல படாம வைங்க."