அம்மாவின் பயமும் பெரியண்ணனின் முகமும்

நினைவு மலரில் மறைந்தவரைத் துணிச்சல் மிக்கவர் என்று எழுதுவது வழக்கம். எங்கள் அம்மாவை அப்படி எழுதினால் உறவினர்களான நீங்களே சிரித்துவிடுவீர்கள். அம்மாவுக்கு இடி என்றால் பயம், மலைப்பாதை வளைவில் பஸ் திரும்பினால் பயம், காஸ் அடுப்பைப் பற்றவைக்கப் பயம். எனக்கும் அதில் பாதி வந்திருக்கிறது.

ஏற்காட்டு மலையில் வாழவந்தியில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, எஸ்டேட் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அம்மா. அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவர்களுடைய மூத்த மகன், எங்கள் பெரியண்ணன், நான்கு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அடைமழையில் மண் சரிந்து சேலம் போகும் பாதை அடைபட்டுவிட்டது. அந்த மழையிலேயே போய்விட்டான். நான்கு வயதோடு நின்றுவிட்டதால் அண்ணனானாலும் அவனை ‘அவன்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சின்னண்ணனும் நானும் பிறகு பிறந்தவர்கள். அம்மாவின் பயமெல்லாம் அந்த மழையில் தொடங்கியதுதான்.

அவனுக்கு இருந்தது ஒரே படம். சட்டம் போடக் கொடுத்த கடையில், நாங்கள் பிறக்கும் முன்பே, அது தொலைந்துபோனது. மிஞ்சிய நெகட்டிவை அம்மா அதன்பின் யார் கையிலும் கொடுத்ததில்லை. ஒரு பவுடர் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். ஏற்காட்டு ஈரம் விடுமா? பூசணம் பிடித்தது. ஓரத்தில் தொடங்கிய வெள்ளை நூல்கள் மழைக்காலத்துக்கு மழைக்காலம் முகத்தை நோக்கி நகர்ந்தன. அப்பாவும் காலமான பிறகு ஒரு நாள் அம்மா சொன்னார்:

“அவன் மூஞ்சி தெரிஞ்சவ நா ஒருத்திதான் கண்ணு. நானும் போயிட்டா, அவன் இருந்தான்னு சொல்ல ஆரிருக்கா?”

தொண்ணூறுகளின் கடைசியில் சின்னண்ணன் சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும், பிலிம் வைக்கும் ஸ்கேனரும் கொண்டுவந்தார். தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார். அம்மா டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு, கற்றுக்கொண்டு தானே எடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

பழகுவதற்கு என் கல்யாண நெகட்டிவ்கள் அகப்பட்டன. வைத்திருப்பது நெகட்டிவ் என்று சாஃப்ட்வேரில் முதலில் குறிக்க வேண்டும். அம்மா மறந்துவிட, கரிய முகமும் வெள்ளைத் தலைமுடியுமாக மணப்பெண் திரையில் வந்து நின்றாள். “ஏசப்பா” என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அதைவிடப் பெரிய பயம் ஸ்கேனருக்குள் ஓடும் விளக்கு. வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்றே கேட்டு வளர்ந்தவர். ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டார். கழுவிய பிலிமை வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்று சின்னண்ணன் தலைதலையாய் அடித்துக்கொண்டார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், கம்பளியை மட்டும் எடுக்கவில்லை.

சின்னண்ணன் சென்னை திரும்பிய பிறகு, மழை விட்டிருந்த ஒரு மதியம், ஜெபம் செய்துவிட்டு அம்மா அந்த நெகட்டிவை ஸ்கேனரில் வைத்தார். மறைப்பானேன், எனக்கும் பயம்தான். முன்னோட்டம் காட்டியபோது பூசணம் காதைத் தொட்டிருந்தது தெரிந்தது. ஸ்கேன் பொத்தானை அழுத்தினார். திரையில் நீலப் பட்டை பாதி தூரம் ஊர்ந்ததும் கரண்ட் போய்விட்டது.

கம்பளி இருட்டில் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது.

“எரிஞ்சு போச்சா சாமி?”

அம்மாவே தடவித் தடவி மூடியைத் திறந்தார். ஜன்னல் கம்பளியை இழுத்துத் தள்ளிவிட்டு, நெகட்டிவைப் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இருக்கான்” என்றார்.

கரண்ட் வந்ததும் மறுபடி உட்கார்ந்தார். நாளைக்குச் செய்யலாமே என்று கெஞ்சினேன். நாளைக்குள் பூசணம் இன்னும் கொஞ்சம் தின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். இந்த முறை பட்டை கடைசிவரை போனது. பெரியண்ணனின் முகத்தை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். அம்மாவின் கண்கள் அப்படியே அவனுக்கு.

கடைசி நாட்களில் மூச்சுக்குத் திணறியபோதும் அம்மா பயந்தார். அப்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸம்மாவுக்கும், மழையில் ஜீப் ஓட்டிவந்த செம்மநத்தம் உறவினர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடுத்த பக்கத்தில் இருக்கும் குழந்தைதான் பெரியண்ணன். காதருகே உள்ள வெள்ளைக் கீற்றை நாங்கள் திருத்தவில்லை. இந்த மலரை எடுத்து வைக்கும் முன் அவனை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிடுங்கள்.

அவன் முகம் தெரிந்தவர்கள் இனி இத்தனை பேர் இருக்கிறோம், அம்மா. பயப்படாதீர்கள்.