தோற்ற நகரத்துக்கு ஒரு நாற்காலி

நாடக அரங்கில் அவளுக்குத் தச்சர் கோணம் பார்க்கும் கருவியின் பட்டப்பெயர்: மூலைமட்டம். இருபது வருடமாக மேடைக்குச் சுவரும் கதவும் செய்கிறவள். ஒரு சட்டம் நூலளவு சாய்ந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. இதுவரை செய்ததெல்லாம் சிரிப்பு நாடகங்களுக்கான வரவேற்பறைகள். இப்போது வந்திருப்பதோ பழைய கிரேக்கத்துச் சோக நாடகம். போரில் தோற்ற நகரம், எரிந்த அரண்மனை, அடிமையாகக் கப்பலேறக் காத்திருக்கும் பெண்கள்.

அரண்மனைக் கதவுக்குக் கரி பூசினாள். திட்டுத்திட்டாகத் தெரியவே உப்புத்தாள் போட்டுச் சமமாக்கினாள். கை சும்மா இருக்குமா? கீலுக்கு எண்ணெயும் விட்டாள்.

இயக்குநர் கதவைத் தள்ளிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"அக்கா, இதுவா எரிஞ்ச ஊரு? நாளைக்கே குடிபோகலாம் போல இருக்கே!"

"கரி பூசியிருக்கேனே தம்பி."

"கோடு போட்ட மாதிரி பூசியிருக்கீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஊரு இடியலைன்னா, எல்லாத்தையும் தூக்கிட்டுக் கறுப்புத் திரை கட்டிடுவேன்."

இருபது வருட வேலைக்குப் பதில் ஒரு துணியா! முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சமையலறைச் சாமான் மொத்தமும் கூடத்தில் கிடந்தது: கவிழ்ந்த அண்டா, சுருட்டிய மெத்தை, வயிறு பிதுங்கிய மூட்டைகள். நடுவில், கால் ஆடும் தன் நாற்காலியில், தேநீருக்கு வழியில்லாத முகத்தோடு அவள் கணவர்.

"ஏங்க, அப்படியே அசையாம இருங்க."

"எதுக்கு?"

"நாசமாப் போன ஊரு இப்படித்தான் இருக்கும்."

"என் மூஞ்சியப் பாத்தா சொல்றே?"

"எந்திரிங்க, நாற்காலி வேணும்."

மறுநாள் மேடையில் மூட்டைகள் இறங்கின. அண்டா உருண்ட இடத்திலேயே கிடந்தது. கதவைக் கழற்றிக் கோணலாகச் சாய்க்கும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. வெள்ளிக்கிழமை இயக்குநர் இரண்டு சுற்று சுற்றி வந்தார். "திரை வேண்டாம்க்கா," என்றார்.

முதல் காட்சிக்குக் கணவரும் வந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த ராணி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் கால் ஆடியது. அரங்கமே மூச்சை அடக்கியது.

"எத்தனை வருஷமா கேட்டேன், அந்தக் காலைச் சரிபண்ணிக் குடுன்னு," என்று காதைக் கடித்தார்.

"பண்ணாததும் நல்லதுக்குத்தான். பேசாம பாருங்க."

வீரர்கள் ராணியை இழுத்துப்போனார்கள். நாற்காலி மல்லாந்தது. கணவர் மறுபடி அவள் பக்கம் சாய்ந்தார்.

"அந்த அம்மா திரும்பி வருமா?"

"வராது."

"சாமானெல்லாம்?"

"பதினோரு காட்சி முடிஞ்சதும் வரும்."

அதுவரை வீட்டில் அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். வாளி ஆடவில்லை, அதுதான் குறை என்றார்.