மூஞ்சூறு

மொழிபெயர்ப்பாளரான அவளுக்குச் சோறு போடுவதே அந்தப் பழைய லேப்டாப்தான். சில நாளாக ஓர் எழுத்தைத் தட்டினாலே இரைத்தது.

“அதுக்கு வயசாயிடுச்சும்மா, நோண்டாத,” என்றான் கணவன்.

இன்று நகரவே மாட்டேன் என்று திணற, தங்கையைப் போனில் வைத்துக்கொண்டு, அதன் வேகத்தை எது தின்கிறது என்று பார்த்தாள். ஏதோ ஒரு புரோகிராம் மொத்தத்தையும் விழுங்கியிருந்தது. பெயரைத் தங்கைக்குப் படித்துக் காட்டினாள்.

“அக்கா, அது வேவு பாக்குறது. நீ தட்டுறதையெல்லாம் யாருக்கோ அனுப்புது.”

நேற்று, “மூஞ்சூறு வந்திருக்கேன், கதவைத் திற,” என்று கணவன் சிரித்தது நினைவுக்கு வந்தது. அவனுக்கு அவள் வைத்த பட்டப்பெயர். தங்கைக்கு மட்டும் இந்த லேப்டாப்பில் எழுதியது. தங்கைதான் உளறிவிட்டாள் என்று அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

“மாமாகிட்ட நீ சொன்னியாடி?”

“சத்தியமா இல்லக்கா.”

வாசல் மணி அடித்தது.

“யாருக்கா?”

“மூஞ்சூறு,” என்றாள், வெளியே கேட்கும்படி.