சின்னவனுக்கு என்ன வயசு?

மீனுக்கு வயசு பார்க்கிற உத்தியோகத்தில் ஒரு சௌகரியம் உண்டு: என்ன வேலை என்று கேட்டவர்கள், பதிலைக் கேட்டபின் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. தான் செய்கிற வேலையைச் சொந்த அக்காவுக்கே விளங்கவைக்க முடியாத உத்தியோகஸ்தர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். ஆழ்கடலில் பிடித்த மீன்களின் தலைகள் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். ஒவ்வொரு தலைக்குள்ளும் குருணை அரிசி அளவில் காதுக்கல் இருக்கும். அதை மெல்லிசாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அறுத்த மரத்தில் தெரிவதுபோல வளையங்கள் தெரியும். வளையத்துக்கு ஒரு வயசு. எண்ண வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஒரு டிக்கெட், இரண்டு சீட்

எனக்கு மேற்கு மாம்பலத்தில் ஒற்றை அறை வாசம். சாயங்காலம் அடையாறில் தி.நகர் பஸ் ஏறுவேன். சோப்பு, சீயக்காய், எலுமிச்சம்பழத் தோல், எதற்கும் அசையாத மீன் வாடை என் கையில். பக்கத்தில் உட்காருகிறவர் ஒரு ஸ்டாப் பொறுப்பார். அடுத்த ஸ்டாப்பில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை, என் பக்கத்து சீட் மட்டும் காலி. காலையிலிருந்து அன்றைக்கு என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கண்டக்டர்தான் முதலில் பேசினார்: "இன்னா சார், டெய்லி ஒரு டிக்கெட்ட வாங்கிக்கினு ரெண்டு சீட்டு புட்ச்சிக்கினு வர்றியே!"

பெயர் வைத்த வினை

எங்களிடம் ஒரே குடும்பத்து மீன் இரண்டு வகை இருந்தது. முகஜாடை அச்சு அசல். ஒன்று முழ நீளம், மற்றது ஜாண் நீளம். எனக்கு முன்னால் இருந்தவர் ஜாடிகளில் 'பெரியவன்', 'சின்னவன்' என்று எழுதி ஒட்டியிருந்தார். வினை அங்கேதான் ஆரம்பம். பெரியவனுக்கு ஒன்பது வளையம் எண்ணியவர், சின்னவனுக்கு நாலோடு நிறுத்திவிட்டார். அதற்கு மேல் தெரிந்ததையெல்லாம் 'பொய் வளையம்' என்று பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார். தம்பி அண்ணனைத் தாண்டலாமா?

நான் எண்ணியபோது சின்னவனுக்குப் பதினாறு வந்தது. பெரியவன் மளமளவென்று வளர்கிற ஜாதி, சின்னவன் நிதானம். நாலு வயசு மீன்தானே என்று நம்பி அள்ளிவிட்டால், அள்ளின இடம் நிரம்பப் பதினாறு வருஷம் ஆகும். பயந்துபோய் டைரக்டரிடம் ஓடினேன். மேலே பருவமழையில் கடல் கலங்கும்போது கீழே விழுகிற தீனி கூடும், மற்ற நாளில் குறையும், அதனால்தான் வருஷத்துக்கொரு வளையம் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடலுக்கு அடியில ஏதுய்யா மழைக்காலம்? நீ ஒருத்தன் பார்த்தேன்னா ஆச்சா? இன்னொருத்தர் எண்ணட்டும். ஒத்துப்போனா பார்க்கலாம், இல்லேன்னா நாலுதான்."

பூட்டிக் கிடந்த அரைமணி

அந்த இன்னொருத்தர் வசந்தா. மயிலாப்பூரிலிருந்து வருவார். விதி என்னவென்றால், எண்ணுகிற இரண்டு பேரும் எண்ணிக்கையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. அவரவர் எண்ணை எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். எல்லாக் கல்லும் முடிந்த பிறகுதான் உறைகளைப் பிரிப்பார்கள். ஆனால் வசந்தா எதைப் பற்றியுமே பேசவில்லை. ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்திருப்போம். டிபன் டப்பா திறக்கிற சத்தத்தை வைத்துத்தான் மணி ஒன்று என்று தெரியும். "மழை வரும்போல இருக்கே" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டார். அகம்பாவம் என்று முடிவு கட்டினேன். வருத்தமாகத்தான் இருந்தது. நான் பார்த்ததை இன்னொரு ஜோடிக் கண் பார்த்ததா இல்லையா என்பதுதான் எனக்கு உலகத்திலேயே வேண்டியிருந்த ஒரே சேதி. அது என் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் ஒட்டிய உறைக்குள் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் வாட்ச்மேன் வெளியே பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அரைமணி நேரம் உள்ளே கிடந்தோம். அப்போதும் வசந்தா கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் திரும்பிவந்து கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்: "மன்ச்சிக்க சார்! ஒரு சத்தமும் காணோம், உள்ள யாரும் இல்லன்னு பூட்டிக்கினு பூட்டேன்."

பாண்டி பஜாரில் பரிசோதனை

இரண்டு வருஷம் போனதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுச் சுவரில் பார்த்தாலும் வளையம் தெரிந்தது. பாண்டி பஜாரில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கண்ணை மூடச் சொல்லிப் பலகையைக் காட்டினார். கடைசி வரியில் "எட்டு" என்றேன், அதற்கு மேல் வரியில் "ஏழு" என்றேன். அவர் பலகையை ஒருதரம், என்னை ஒருதரம் பார்த்தார். "சார், எழுத்தைப் படிங்கன்னா, எத்தனை எழுத்துன்னு எண்ணிட்டு இருக்கீங்களே!"

உறை பிரித்த நாள்

மூன்றாம் வருஷக் கடைசியில் டைரக்டர் உறைகளைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் கல்: நான் பதினாறு, வசந்தா பதினாறு. அடுத்தது இருவருக்கும் பதினாலு. சில கற்களில் ஒன்று முன்னே பின்னே இருந்தது, மற்றபடி சின்னவன்தான் மூத்தவன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன். டைரக்டர் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னார்: "சரிய்யா, இனிமே இவனை அண்ணான்னு கூப்பிடுங்க."

அடையாறு பஸ் ஸ்டாப்

அதே வாரம் வசந்தாவுக்குக் கொச்சிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சேர்ந்து நின்றோம். அவராகவே பேச ஆரம்பித்தார். அம்மாவுக்கு முட்டிவலி, கபாலி கோயில் பக்கத்தில் வீடு, பஸ்ஸில் தன் பக்கத்திலும் யாரும் உட்காருவதில்லை. என் குரல்கூட அவருக்குப் பிடிக்கும் என்றார். மயிலாப்பூர் பஸ் வந்துவிட்டது. "ஏன் இத்தனை நாள் பேசவே இல்லை?" என்று அவசரமாகக் கேட்டேன். படியில் ஏறிக்கொண்டே திரும்பினார்: "பேசிண்டிருந்தா நம்பர் வாய்ல வந்துடும் சார். உங்க கணக்குக்கு என்னால தோஷம் வந்துடப்படாதேன்னுதான், மூணு வருஷமா சாப்ட்டேளான்னுகூடக் கேக்கலை."

மீனுக்கு வயசு பார்ப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. மனுஷாள் விஷயத்தில்தான் உறையைப் பிரிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.