பாறைக்கு வழி எழுதிய பாடு

பாறை ஏறுகிறவர்களுக்கு இணையத்தில் வழி எழுதி வைக்கும் வேலை இருக்கிறதே, அதில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். சங்கத்துக்கு வெப்சைட் பார்த்துக் கொடுக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லி மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் என் வலி புரியும்.

இரண்டு வாரக் கெடு

மெல்பர்னுக்கு மேற்கே, காரில் ஒரு மணி நேரம் போனால் ஒரு பாறைச் சுவர். அதில் ஏற நாற்பது ரூட். எங்கே தொடங்குவது, எங்கே கை வைப்பது என்ற விவரமெல்லாம் ஹெலன் என்ற ரிட்டயர்டு பஸ் டிரைவரின் வெப்சைட்டில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பழைய சர்வரை இரண்டு வாரத்தில் மூடப்போகிறார்கள். மூடினால் அத்தனையும் போச்சு.

என் ஆபீஸ் நண்பர் குகன் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்பர்னின் மறுகோடியில் ரோவில் என்ற புறநகரிலிருந்து வாராவாரம் அந்தப் பாறைக்குப் போய்த் தொங்குகிறவர். அவர்தான் என்னைக் கோத்துவிட்டார். நானோ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஆள். புதுத் தளம் கட்டித் தருகிறேன் என்றதும் ஹெலன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செய். ஆனால் நான் சரிபார்த்த பிறகுதான் வெளியே விடுவேன். தப்பான வழி காட்டி ஒருவர் விழுவதைவிட, எல்லாம் அழிந்தே போகட்டும்."

பதினாலா, இருபத்திரண்டா?

இங்கே ஒவ்வொரு ரூட்டுக்கும் எவ்வளவு கஷ்டம் என்று காட்ட ஒரு நம்பர் உண்டு. பதினாலு என்றால் பொழுதுபோக்கு, இருபத்திரண்டு என்றால் அழுகை. நான் பாறையின் போட்டோவை வைத்துக்கொண்டு, ஹெலனின் பட்டியல்படி இடமிருந்து வலமாக மளமளவென்று கோடு போட்டேன். ஒரே நாளில் முடித்துவிட்டுக் காலரையும் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை குகன் என் படத்தை நம்பி ஒரு பதினாலில் ஏறினார். பாதியில் கை வழுக்கிக் கயிற்றில் தொங்கினார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஹெலன் காரை நிறுத்துவது சுவரின் வலது கோடியில். அங்கிருந்து நடந்து வரும் வரிசையில் அவர் எழுதியிருக்கிறார். நான் சுவர் மொத்தத்தையும் இடம் வலம் மாற்றி வைத்திருக்கிறேன்! குகன் தொங்கியது ஓர் இருபத்திரண்டில். மேலிருந்து அவர் குரல் வந்தது: "அண்ணை, இதைப் பதினாலு எண்டு எழுதினவரை ஒருக்கா மேல வரச் சொல்லுங்கோ!"

ரயிலில் வந்த யோசனை

வரிசையைத் திருப்பிப் போட்டும் தலைவலி தீரவில்லை. ஹெலனின் குறிப்பில் 'இடது' என்றால், சில இடத்தில் பாறையைப் பார்த்து நிற்கும்போது இடது. சில இடத்தில் உச்சியிலிருந்து கீழே பார்க்கும்போது இடது. வெரிபீ புறநகர் ரயிலில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, இதைப் பற்றிக் குகனோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டில் ஒரு தமிழ் ஆன்ட்டி. புது வீட்டுமனை எஸ்டேட்டில் நிலம் வாங்கியிருக்கிறாராம். என் கோடுகளை வீட்டுப் பிளான் என்று நினைத்துவிட்டார். ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி என் மரமண்டையில் உறைத்தது. குகன் பாறையடியில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நாற்பது ரூட்டிலும் இடது வலதை அடித்துவிட்டு, வடக்கு தெற்கு என்று மாற்றினேன். அவர் கேட்டது இதுதான்: "ஏன் தம்பி, கிழக்கு எதுன்னே போடாம இடது வலதுன்னு எழுதுறீங்களே, ஆளு திரும்பி நின்னா மாறிடாதா?"

ஹெலன் வைத்த பரீட்சை

சர்வரை மூடுவதற்கு முந்தின நாள் ஹெலன் பாறைக்கு வந்தார். என் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் கோடிக்குக் கோடி நடந்தார். கடைசியில் கயிறு மாட்டும் இடுப்புப் பட்டையை என்னிடம் நீட்டி, இருப்பதிலேயே லேசான ரூட்டைக் காட்டினார். எழுதினவனே ஏறிக் காட்ட வேண்டுமாம். அடப்பாவி என்று முழித்தேன். குகன் கயிறு பிடிக்க, கீழே நின்று ஹெலன் நான் எழுதியதை வரி வரியாகப் படித்தார். வடக்கே விரிசலில் கை. இருந்தது! தெற்கே பலகைபோல் நீட்டிய கல்லில் கால். அதுவும் இருந்தது! முருகா முருகா என்று கத்திக்கொண்டே உச்சியைத் தொட்டேன். அந்தச் சந்தோஷம் இருக்கே, பிரமோஷன் வந்தபோதுகூட எனக்கு வந்ததில்லை.

நான் இறங்கியதும் ஹெலன் போனை எடுத்து, நாற்பது ரூட்டையும் அங்கேயே வெளியிட்டார். "எல்லாம் சரி. ஒரே ஒரு திருத்தம். இந்த ரூட்டுக்கு 'மிகச் சுலபம்' என்று எழுதியிருக்கிறாய். நீ போட்ட கூச்சலுக்குப் பிறகு அதை எடுத்துவிடுவதுதான் நியாயம்."

ஆக, முட்டி இரண்டும் தேய்ந்து, மூன்று நாள் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினாலும், ஜெயித்தது நாம்தான் சாமி!